தெருமுனை வரை

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரியைக் கம்பெனிக்காரன் கொடுத்தான். நான் கேட்கவில்லை. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு டைரி, ஒரு பேனா, எண்ணெய் ஒழுகும் சமோசா ஒன்று. டைரி அட்டையில் பூமிக்கு அடியில் ஒரு பெரிய குழாய் போகிற படம். குழாய்க்கு மேலே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் நின்று சிரிக்கிறார்கள். காலுக்குக் கீழே ஊர்ச் சாக்கடை ஓடுகிறதென்று அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் அதிர்வு, சத்தம், தூசி, நாற்றம் எது வந்தாலும் தேதி போட்டு இதில் எழுத வேண்டுமாம். மேடையில் ஒரு சின்னப் பெண் சொன்னாள். எழுத வராதவர்கள் வீட்டில் படித்த பிள்ளைகளிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாள். தலை நரைத்திருந்தால் கைநாட்டு என்று கணக்கு. நான் கார்ப்பரேஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். இந்தத் தெருவில் வாடகைப் பத்திரத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கொண்டு வந்தவர்கள் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். இவர்கள் படிக்கட்டும்.

விஷயம் இதுதான். ஊர்ச் சாக்கடையெல்லாம் இனி ஆழத்தில் ஒரே சுரங்கமாகப் போகப் போகிறது. சுரங்கத்துக்கு இறங்கும் கிணற்றை எங்கள் சின்னக்கண்ணு மேஸ்திரி தெருவின் வாயில் வெட்டுவார்கள். எங்களுடையது முட்டுத் தெரு. வரவும் போகவும் அந்த ஒரு வாய்தான். மெட்ராஸ் பட்டணத்தில் இவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை பாவம்.

"நடந்து போறதுக்கு வழி விட்டிருவோம். ரெண்டு பேரு தாராளமாப் போலாம்" என்றாள் அந்தப் பெண்.

நான் எழுந்து, "ஆறு பேர் சேர்ந்து போகணும்னா?" என்று கேட்டேன்.

மண்டபமே சிரித்தது. எங்கள் தெரு நலச் சங்கத்தின் செயலாளர் வரதராஜுலு, எதிர்வீட்டுக்காரர்தான், "ஆறு பேர் கை கோத்துக்கினு எங்க போப்போறீங்க ரஞ்சிதம்மா, கோலாட்டத்துக்கா?" என்றார். சமோசா வாயிலிருந்து சிதறியது.

 நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொடுத்தேன். முக்கால் தம்ளர் இறங்கியது.

ஜூன் 5, வியாழன்

தகரம் அடித்துவிட்டார்கள். நீலத் தகரம், ஆள் உயரத்துக்கு மேல். ஓரமாக ஒரு இடுக்கு விட்டிருக்கிறார்கள். அதுதான் தாராளமான வழி. காய்கறிப் பையோடு நான் போனால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தகரத்தின் மேல், 'தங்களின் தற்காலிக அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்' என்று எழுதியிருக்கிறது. வருந்துகிற முகரை எதையும் அங்கே காணோம். ஒரு வடநாட்டுப் பையன் பச்சைக் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறான். கழுத்தில் விசில்.

தூசி: உண்டு. சத்தம்: உண்டு.

ஜூன் 9, திங்கள்

அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள். பெயர் பிரிசில்லா. கம்பெனியில் மக்களுக்குத் தகவல் சொல்லும் வேலையாம். அதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு சம்பளம். தலையில் மஞ்சள் தொப்பி. வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, திருநெல்வேலிக்காரி.

"ஆச்சி, உங்களை நாங்க வாட்சாப் குரூப்புல சேக்க முடியல. உங்க நம்பருல வாட்சாப் இல்லைனு வருது."

"ஆச்சி கீச்சின்னெல்லாம் கூப்பிடாதே. என்கிட்ட இருக்கிறது பட்டன் போன். பேசறதுக்கு அது போதும்."

"அப்போ தகவல் எல்லாம் உங்களுக்கு எப்படி வரும்?"

"நீ வந்து சொல்லு. உனக்கு என்ன வேற வேலை?"

சிரிக்கிறாள். வெட்கம் என்பது கொஞ்சமும் இல்லை. வீட்டில் வயதானவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் உண்டா, இருந்தால் வழி விஷயத்தில் தனியாக ஏதாவது செய்வோம் என்றாள். இல்லை என்று சொன்னேன்.

இவர் உள்ளறையில்தான் இருந்தார். திரை போட்டிருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் கண்டக்டராக ஓடியவர். சட்டையில் மடிப்புக் கலையாமல் டிப்போவுக்குப் போவார். இப்போது ஒரு பக்கம் விழுந்து, வாய் கோணி, லுங்கியைக்கூட நான் கட்டிவிட வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போவதற்கு எவளோ ஒருத்தி வருவாள், நான் திரையை விலக்கிக் காட்டுவேனா? இந்தத் தெருவில் யாருக்கும் காட்டவில்லை. வரதராஜுலு கேட்டால், "நல்லா இருக்காரு, தூங்கறாரு" என்றுதான் சொல்வது.

அவள் கிளம்புகிற நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு விசில்.

இவர் தலையணைக்குக் கீழே பழைய விசில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பஸ்ஸில் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். படுக்கையிலும் அதே சட்டம்தான். ஒன்று ஊதினால் நான் வர வேண்டும், வேலை முடிந்ததும் இரண்டு ஊதினால் நான் போகலாம். நான் என்ன வீட்டுக்காரியா, பத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸா என்று கேட்டிருக்கிறேன்.

"யாரு ஆச்சி விசிலடிக்கது?" என்றாள்.

"பேத்தி டிவி வெச்சிருக்கா" என்றேன். பேத்தி கௌசிகா காலையிலேயே காலேஜ் போய்விட்டாள். என்னோடு தங்கித்தான் படிக்கிறாள். மாடிக் கொடியில் காய்கிற ரப்பர் ஷீட்டையும் துணிகளையும் அந்தப் பெண் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

ஜூன் 14, சனி

அதிர்வு: உண்டு. தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. இவர் பஸ் ஓடுவதாக நினைத்துக்கொண்டு, "முன்னாடி போ, முன்னாடி போ, உள்ள இடம் இருக்குது" என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 18, புதன்

புது நோட்டீஸ். தினம் ஒரு நோட்டீஸ் அடிக்கிறார்கள், தினம் ஒரு தேதி மாறுகிறது. இன்று வந்ததில் மாற்று வழி. அவசர ஊர்திகள், காஸ் வண்டி, மற்றும் 'இன்ன பிற தேவைகளுக்கு' வீடுகளுக்குப் பின்னால் உள்ள சந்து வழியைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமாம்.

நோட்டீஸ் எழுதியவன் அந்தச் சந்தைக் கண்ணால் பார்த்திருப்பானா? எல்லா வீட்டுக் கக்கூஸ் குழாயும் இறங்கும் சந்து அது. மீன் செதிலுக்குப் பூனைகள் சண்டை போடும். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அந்தக் காலத்தில் அந்தச் சந்தில் வேலை செய்தவர்களையே நாம் படுத்திய பாடு போதும். இப்போது மனுஷர் போகிற வழியாம்.

இன்ன பிற தேவைகள். வாய்விட்டுச் சொல்ல வராத தேவைக்குப் பெயர் இன்ன பிற.

போன வருஷம் மழைத்தண்ணீர்க் கால்வாய்க்குத் தோண்டியபோது மூன்றாம் வீட்டுக் கிழவரை அந்தச் சந்து வழியாகத்தான் கொண்டுபோனார்கள். பாடை திரும்பவில்லை. பாயில் சுற்றி, சுவரில் இடித்து இடித்து. அவர் பெண்டாட்டி பின்வாசலில், கக்கூஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு எட்டுகூட அவளால் கூடப் போக முடியவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனை வரைதான் போவோம். அதுவாவது உண்டு. என் மாமியார் போனபோது பூப்பல்லக்கு. நாங்கள் எல்லோரும் தெருமுனை வரை போனோம், அங்கே நின்று பார்த்துத் திரும்பினோம். பின் சந்துக்கு முனை ஏது?

இந்த வீட்டிலிருந்து யாரும் பின்பக்கமாகப் போனதில்லை. போகவும் மாட்டார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

மகன் சம்பத் ஆவடியிலிருந்து வந்தான். டாக்டரைக் கூட்டி வந்தான். டாக்டர் நாடி பார்த்தார், கண்ணை விலக்கிப் பார்த்தார், மருந்து எழுதவில்லை. வாசலில் நின்று சம்பத்திடம் மெதுவாகப் பேசினார். நான் காது கேளாதவள் இல்லை. ஆடி தாண்டுவது கஷ்டம் என்றார். டாக்டர்கள் நிறையச் சொல்வார்கள்.

சம்பத் பின் சந்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"பின்னாடி ஒண்ணும் அவ்ளோ மோசமில்லம்மா. நாலு பேரு ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் புடிச்சா…"

"எதைப் புடிச்சா?"

வாயை மூடிக்கொண்டான். படித்த பிள்ளை, அகலம் நீளம் எல்லாம் மனசுக்குள் போட்டு வைத்திருக்கிறான். அப்பா உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். வறுத்த வஞ்சிரத்தில் ஏன் கையே வைக்கவில்லை என்று கேட்டேன், பசியில்லை என்றான். எல்லாவற்றையும் கௌசிகா தின்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

தெருவுக்கெல்லாம் போனில் டிங்கென்று தகவல் வருகிறது. எனக்கு மட்டும் ஆள் வருகிறது. பிரிசில்லா தினம் காலையில் வந்து படியருகே நின்று ஒப்பிக்கிறாள். "இன்னைக்குக் கிணறு பாதி ஆழம் போயிட்டு ஆச்சி. இன்னைக்குத் தண்ணி இறைக்காவ, மோட்டார் சத்தம் கேக்கும்." அப்படித்தான் வர வேண்டும். உட்கார் என்று நான் சொல்வதில்லை. காப்பி மிஞ்சியிருந்தால் கொடுக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

தகரம் அடித்த லட்சணத்தை எழுதுகிறேன். மற்ற இடமெல்லாம் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். இடுக்கை ஒட்டி இருக்கும் இரண்டு தகரங்களுக்கு மட்டும் வெறும் போல்ட்டு. அதுவும் கையால் திருகினால் கழன்றுவிடும் போல. காற்றடித்தால் தடதடவென்று அடிக்கிறது, இவர் திடுக்கிட்டு விழிக்கிறார். அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"அது அப்படியே இருக்கட்டும் ஆச்சி."

"ஏன் இருக்கட்டும்? வெல்டிங் காசை எவன் முழுங்கினான்?"

"இருக்கட்டும்னு சொல்லுதேன்லா."

முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இவளும் கூட்டுத்தான். மக்களுக்குத் தகவல் சொல்கிற லட்சணம். சாயங்காலம் கறுப்புக் கண்ணாடி போட்ட இன்ஜினியர் ஜீப்பில் வந்தான். நேராகப் போய் டைரியைப் பிரித்துக் காட்டினேன். தேதியோடு எழுதியிருக்கிறேன், படி என்றேன். படித்தான். போட்டோ எடுத்துக்கொண்டான்.

ஜூலை 1, செவ்வாய்

வெல்டிங் வைத்துவிட்டார்கள். சத்தம் நின்றது. ஒரு மாதமாகத் தெருவே கத்தியும் நடக்காதது, நான் எழுதிக் காட்டியதும் நடந்தது. வரதராஜுலு, "ரஞ்சிதம்மா கம்ப்ளெயிண்ட்டுக்கு மட்டும்தான் ஆக்‌ஷன் எடுக்கிறான்பா" என்று குரூப்பில் போட்டாராம். கௌசிகா படித்துக் காட்டினாள். கை தட்டுகிற பொம்மை பதினைந்து பேர் போட்டிருந்தார்கள்.

ஜூலை 2, புதன்

பிரிசில்லா காலையில் வந்து தகவல் எதுவும் சொல்லாமல் நின்றாள்.

"என்ன, உன் கிணத்துல தண்ணி வத்திடுச்சா?"

"அந்தத் தகரத்தை ஏன் ஆச்சி வெல்டிங் வைக்கச் சொன்னிய?"

"ஆடுச்சு, சொன்னேன்."

"ஆடட்டும்னுதான போல்ட்டு மட்டும் போடச் சொன்னேன். போர்மேன் காலைப் பிடிக்காத குறை. காஸ் வண்டிக்குனு பொய் சொல்லியிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ரெண்டு தகரத்தைக் கழத்துனா ஆறு பேரு போலாம். வண்டிகூட வாசல் வரை வந்திரும். அவசரத்துக்கு யாரையும் கேக்காம நானே கழத்தி விட்டிருப்பேன்."

நான் தெருமுனைத் தகரத்தைப் பார்த்தேன்.

"கூட்டத்துல ஆறு பேருன்னு கேட்டியள்லா. எல்லாரும் சிரிச்சாவ. எங்கூர்லயும் பெட்டியை ஆறு பேருதான் தூக்குவாவ ஆச்சி."

"சொல்லியிருக்க வேண்டியதுதானே."

"நீங்க டிவினு சொன்னிய. நான் என்னனு சொல்லுவேன்?"

காப்பி மிஞ்சியிருக்கவில்லை. புதிதாகத்தான் போட்டேன். உட்காரு என்றேன். எவ்வளவு சர்க்கரை போடுகிறாள் அவள், மூன்று ஸ்பூன். இந்த வயதில் இவ்வளவு சர்க்கரை.

ஜூலை 4, வெள்ளி

திரையை விலக்கி அவளை உள்ளே கூட்டிப் போனேன். காலையிலேயே இவருக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். பட்டன் மாட்டத்தான் நேரமாயிற்று.

மஞ்சள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க போணும்?" என்றார். பேச்சு குழறுகிறது, எனக்குப் புரிகிறது.

"எந்த ஊருக்குப் போகணும்னு கேக்கறாரு" என்றேன்.

"பாளையங்கோட்டை, தாத்தா."

"இந்த வண்டி அங்க போகாது. எறங்கிக்கோ."

அவள் சிரித்தாள். இவரும் ஒரு பக்கம் சிரித்தார். பிறகு இரண்டு விசில் ஊதினார். போகலாம் என்று அர்த்தம். வெளியே வந்து அவள் தொப்பியை மாட்டிக்கொள்ள நேரமெடுத்துக்கொண்டாள். தொப்பி என்ன அவ்வளவு பெரிய அலங்காரமா?

ஜூலை 8, செவ்வாய்

இன்ஜினியர் வந்தான். அடுத்த வாரம் ராட்சத கிரேன் வரப்போகிறது என்று விளக்கம் சொல்லத் தெருவையே கூட்டியிருந்தான். சுரங்கம் தோண்டும் எந்திரத்தைத் துண்டு துண்டாகக் கிணற்றில் இறக்குவார்களாம். அவன் தமிழில் பாதி, இங்கிலீஷில் பாதி பேசி முடித்தான். நான் முன்னால் போனேன்.

"அந்த ரெண்டு தகரத்தையும் மறுபடி போல்ட்டு போட்டு விடுப்பா."

"மேடம், நீங்கதானே வெல்ட் பண்ணச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேணாங்கறேன்."

"சேஃப்டி இஷ்யூ மேடம். கிரேன் ஓடறப்ப திறக்க முடியாது. என்ன தேவைன்னு சொல்லுங்க."

சுற்றிலும் தெருக்காரர்கள். இத்தனை மாதமாக யாரிடமெல்லாம் தூங்குகிறார் என்று சொன்னேனோ அவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

"என் வீட்டுக்காரர் சாகக் கெடக்கறாரு" என்றேன். "தை மாசத்துலேருந்து படுக்கையில. அவரைப் பின் சந்து வழியா எடுக்க விட மாட்டேன். வாசல் வழியாத்தான் போகணும். நான் தெருமுனை வரைக்கும் கூடப் போகணும்."

 இன்ஜினியர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே சின்னப் பையன் கண். "சரி மேடம், புரியுது. ஒண்ணு பண்ணலாம். ரெண்டு நாள் முன்னாடி எங்களுக்கு இன்பார்ம் பண்ணிடுங்க. தேதி தெரிஞ்சா கிரேனை நிறுத்தி ஏற்பாடு பண்ணிடறோம்."

"என்னா முன்னாடி?"

"டேட் மேடம். ரெண்டு நாள் முன்னாடி…"

"உன் குழிக்கு இதுவரைக்கும் நாலு தேதி சொல்லிட்டே" என்றேன். "கம்ப்யூட்டர் வெச்சிருக்கே, ஜீப் வெச்சிருக்கே, மேல அதிகாரி வெச்சிருக்கே. ஒரு தேதியாவது நின்னுச்சா? என் வீட்டுக்காரருக்கு மட்டும் நான் தேதி குறிச்சுக் குடுக்கணும். நல்ல நாள் பாத்துச் சொல்லவா? ஆடியில முகூர்த்தம் கெடையாதே."

யாரும் சிரிக்கவில்லை. வரதராஜுலு தொண்டையைக் கனைத்தார். அவர் அம்மாவும் படுக்கையில்தான் இருக்கிறாளாம், தொண்ணூறு தாண்டியாயிற்று, அவளையும் சந்தில் எடுக்க முடியாது என்றார். எதிர்வீடு. எனக்குத் தெரியாது. ஊரில் தங்கை வீட்டில் இருக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கோடி வீட்டுக்காரி தன் மாமனாரைச் சொன்னாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் தூக்கினாள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு திரை தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கங்கெட்ட தெரு, எல்லோரும் என்னைப் போலவே பொய் சொல்லியிருக்கிறார்கள்.

இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். பிரிசில்லா அவன் பின்னாலேயே போய் விரலை நீட்டி நீட்டி ஏதோ பேசினாள். இவ்வளவு பேச வருமா அவளுக்கு.

ஜூலை 11, வெள்ளி

புது நோட்டீஸ். 'துக்க நிகழ்வுகள் ஏற்படும் பட்சத்தில், தகவல் தெரிவிக்கப்பட்ட ஒரு மணி நேரத்திற்குள் முகப்பு வழி திறந்துவிடப்படும்.' கீழே பிரிசில்லாவின் நம்பர்.

நிகழ்வாம், பட்சமாம். சாவு விழுந்தால் வழி விடுவோம் என்று எழுதக் கை வரவில்லை. அவளிடம் சொன்னேன். "நான் சாவுனுதான் எழுதினேன் ஆச்சி, மேல மாத்திட்டாவ" என்றாள். மேலே இருக்கிறவர்களுக்குச் சாவே கிடையாது போல.

நோட்டீஸை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். வேறு இடமில்லை, அதனால்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. கூழ் ஊற்றவில்லை. இவருக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர்தான். கிரேன் நாள் முழுக்க உறுமியது. விசில் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன், கையில்தான் வைத்திருந்தார்.

ஜூலை 23, புதன்

சனிக்கிழமை விடியும்போது இவர் போய்விட்டார்.

சம்பத்துக்குச் சொல்வதற்கு முன்னாலேயே நான் சொல்லச் சொன்னது அந்தப் பெண்ணுக்குத்தான். கௌசிகா போன் போட்டாள். ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தது. இவர்கள் ஒரு மணி நேரம் எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். குளிப்பாட்ட ஆட்கள் வருவதற்குள் வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் நெருப்புப் பொறி பறந்தது. வெல்டிங்கை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பிரிசில்லா தலை வாராமல், தொப்பி இல்லாமல் நின்றாள். தகரம் இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்தன. அதற்கு அப்பால் மெயின் ரோடு தெரிந்தது, பஸ் போனது தெரிந்தது. ஒன்றரை மாதமாக அதைப் பார்க்கவில்லை.

உறவு ஜனம் எல்லாம் வந்தது. மூத்த நாத்தனார் வந்ததும் வராததுமாக, "என்னா ரஞ்சிதம், தெருவை இப்படி வெச்சிருக்கீங்க" என்றாள். நான்தான் தோண்டினேன் போல. சம்பத் பூவுக்குச் சொன்னான், மேளத்துக்குச் சொன்னான். யூனிபாரம்தான் போட வேண்டும் என்று நான் சொன்னேன். காக்கிச் சட்டை டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு இருந்தது. பெரிதாக இருந்தது இவருக்கு. பின்பக்கம் ஊக்குக் குத்தி இழுத்து விட்டேன்.

பகலில் எடுத்தார்கள். வண்டி பின்னோக்கி எங்கள் வாசல் வரை வந்தது. கொடி பிடிக்கும் வடநாட்டுப் பையன் பின்னாலேயே நடந்து கையைக் காட்டிக் காட்டிக் கொண்டு வந்தான். வரதராஜுலு ஒரு பக்கம் தோள் கொடுத்தார், ஆறு பேரில் அவரும் ஒருவர். அவர் முதுகுக்கு அது ஆகாது, சொன்னாலும் கேட்கவில்லை. கிரேனை நிறுத்தியிருந்தார்கள். கிணற்றிலிருந்து ஏறி வந்த கூலிக்காரர்கள் சேறும் சகதியுமாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு யார் சொன்னதோ. இன்ஜினியர் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நின்றான்.

நான் நடந்தேன். கௌசிகா கையைப் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். தகரம் இருந்த இடம்தான் தெருமுனை. அங்கே பெண்கள் நின்றோம். வண்டியும் நின்றது, நாங்கள் கடைசியாக ஒரு தரம் பார்க்கட்டும் என்று. பார்த்தேன். காக்கிச் சட்டையில் நன்றாகத்தான் இருந்தார்.

டிரைவர் போகலாமா என்று கை நீட்டிக் கேட்டான். கொடிப் பையன் மெயின் ரோட்டைப் பார்த்துவிட்டு நீளமாக ஒரு விசில் ஊதினான்.

ஒன்று.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டு அவனிடம் போனேன்.

"ஒண்ணு ஊதுனா நிக்கணும்னு அர்த்தம். என்னா விசில் ஊதறே நீ? போறதுக்கு ரெண்டு."

அவனுக்குத் தமிழ் தெரியாது. விழித்தான். நாத்தனார், "ஐயையோ, ரஞ்சிதத்துக்குப் புத்தி பெரண்டுடுச்சு" என்று யாரிடமோ சொன்னாள். நான் அவன் முகத்துக்கு நேராக இரண்டு விரலைக் காட்டினேன். அவன் பிரிசில்லாவைப் பார்த்தான். அவளும் இரண்டு விரலைக் காட்டினாள்.

இரண்டு ஊதினான். சுமாராகத்தான் ஊதினான். இவர் ஊதினால் டிப்போ வரைக்கும் கேட்கும்.

வண்டி போயிற்று.

ஆகஸ்ட் 6, புதன்

நோட்டீஸ் வந்தது. வேலை தைப்பொங்கலுக்குள் முடியுமாம். பொய். அடுத்த பொங்கலுக்கும் முடியாது.

பிரிசில்லா காலையில் வந்து, மிஷின் இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு நேர் கீழே போகிறது என்றாள். நான் சொல்லாமலே உள்ளே வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தம்ளர் அலமாரியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒன்றும் ஆடவில்லை. அவளுக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டேன். மாதக் கடைசியில் வாங்கிப் பார்ப்போம் என்று கூட்டத்தில் சொன்ன டைரிகளைக் கம்பெனி இப்போதுதான் கேட்கிறதாம். இவர்கள் மாதக் கடைசி அது. கொடுப்பதாக இல்லை என்றேன். எனக்கு வேறு டைரி கொண்டு வா, இதில் சொந்த விஷயம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"அப்போ இன்னைக்கு என்னனு எழுதிக்கட்டும் ஆச்சி?" என்று போனை எடுத்தாள். "சத்தம் ஏதும் கேட்டுச்சா?"

திரை இன்னும் போட்டபடியே இருக்கிறது. கழற்ற வேண்டும், துவைக்க வேண்டும்.

"இல்லேன்னு எழுதிக்கோ" என்றேன். "வீட்ல ஒரு சத்தமும் இல்ல."